கண்ணாடியை மறந்து வந்தவர்கள்



இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள். யாழ்ப்பாணத்தில் எங்கள் மஹல்லாப் பள்ளிவாசலில் அஸர் தொழுகை முடிந்து பக்கக் கதவால் வெளியே வருகிறேன். மதிலோரமாக ஒரு ராத்தா நின்றுகொண்டிருந்தார். கையில் நாலாக மடித்த ஒரு தாள். ஸலாம் சொல்லிவிட்டு, "மௌலவி, கண்ணாடியை வீட்டில மறந்து வந்திட்டன். இதில என்ன எழுதியிருக்கெண்டு ஒருக்காச் சொல்லுங்கோ" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். பெண்களைக் குழுவாகச் சேர்த்துக் கடன் கொடுக்கும் ஒரு நிறுவனத்தின் கடிதம். அவருடைய குழுவில் ஒரு பெண் தவணை கட்டாமல் விட்டிருக்கிறார். பிணை நின்றவர் என்ற முறையில் அந்தத் தொகையை இவர் கட்ட வேண்டுமாம். படித்துச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் நின்றவர், "நான் கையெழுத்து வச்சது என்ட கடனுக்கெல்லோ மௌலவி?" என்று கேட்டார். மூன்று தாள்களில் கையொப்பம் வாங்கினார்களாம். மூன்றும் தம்முடைய கடனுக்கென்றே நினைத்திருக்கிறார். அந்த மூன்றில் ஒன்று பிணைப் பத்திரம்.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரி கிளினிக் கொப்பியோடு வந்தார். அன்றும் கண்ணாடியை மறந்துவிட்டாராம். மூன்றாம் முறை மின்கட்டணப் பட்டியலோடு வந்தபோதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. அவரிடம் கண்ணாடியே கிடையாது.

அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. காரணத்தைச் சொல்கிறேன். அவருக்கும் எனக்கும் ஒரே வயது. ஒரே தெருவில் பிறந்தவர்கள். 1987இல் மூண்ட சண்டையில் எங்கள் பாடசாலைகள் மூடிக் கிடந்தபோது இருவருமே சிறு பிள்ளைகள். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு எல்லோரையும் வரச்சொல்லி, இரண்டு மணி நேரத்துக்குள் ஊரை விட்டு வெளியேற வேண்டும் என்று விடுதலைப் புலிகள் உத்தரவிட்டபோது இருவருக்கும் பத்து வயது. வட மாகாணத்திலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட அந்த நாட்களில் இரு குடும்பங்களும் புத்தளத்துக்குப் போய்ச் சேர்ந்தன. ஓலைக் கொட்டிலில் பக்கத்துப் பக்கத்து அறை என்றுகூடச் சொல்லலாம்.

அதற்குப் பிறகுதான் வழி பிரிந்தது. என் வாப்பா என்னை அரபுக் கல்லூரி ஒன்றில் கொண்டுபோய்ச் சேர்த்தார். தங்குமிடமும் சாப்பாடும் இலவசம், ஒரு வயிறு குறையும் என்பதும் ஒரு காரணம்தான், மறைப்பானேன்? அந்த ராத்தாவை அவருடைய உம்மா கற்பிட்டிப் பக்கத்து வெங்காயத் தோட்டத்துக்குத் தம்மோடு கூலிக்குக் கூட்டிப் போனார். பிறகு தம்பி தங்கைகளைப் பார்க்க வேண்டியிருந்தது, பிறகு கலியாணம். மூன்றாம் வகுப்பில் படித்த எழுத்துகள் பாவிக்கப்படாமல் கிடந்து மறந்தே போயின. என்னுடைய படிப்புக்கு ஊரார் தந்த ஸதகாவும் கொடையாளிகளின் பணமும் செலவாயின. அவருக்காக எவரும் ஒரு சதம் செலவழிக்கவில்லை. அப்படியிருக்க, அவர் எழுத்தறியாததை அவருடைய குற்றம் என்றோ விதி என்றோ நான் எப்படிச் சொல்வேன்?

எங்கள் நாட்டில் எழுத வாசிக்கத் தெரியாதவர்கள் இருக்கிறார்களா என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. 1945இலிருந்து இலவசக் கல்வி, 1980இலிருந்து இலவசப் பாடநூல். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி பத்து வயதுக்கு மேற்பட்டோரில் 95.7 சதவீதத்தினர் எழுத்தறிவுள்ளவர்கள். நல்ல கணக்குத்தான். ஆனால் அந்தக் கணக்கு எப்படி எடுக்கப்படுகிறது? உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து கேட்கிறார், வீட்டார் பதில் சொல்கிறார்கள். எவரும் ஒரு தாளை நீட்டி இதைப் படியுங்கள் என்று சோதித்துப் பார்ப்பதில்லை. அந்த ராத்தாவின் மகன் உயர்தரம் வரை படித்தவன். உம்மாவுக்கு எழுத்துத் தெரியாது என்பது அவனுக்கே தெரியாது. சிறு வயதில் அவனுடைய பாடசாலைக் கடிதங்களைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் காட்டிக் கேட்டறிந்து, பெயரை மட்டும் கீறப் பழகி, அந்தக் கீறலையே கையொப்பமாக வைத்து, இருபது வருடங்களுக்கு மேலாக மறைத்து வந்திருக்கிறார். மதிப்பீட்டு உத்தியோகத்தருக்கு அந்த மகன் என்ன பதில் சொல்லியிருப்பான்?

எழுத்தறியாதவர் அடையாளம் காட்டிக்கொண்டு வருவதில்லை. கண்ணாடியை மறந்துவிட்டேன் என்பார். கையில் சுளுக்கு, நீங்களே நிரப்புங்கோ என்பார். வீட்டில் வைத்து ஆறுதலாகப் பார்க்கிறேன் என்று படிவத்தை மடித்துக் கைப்பைக்குள் வைப்பார். பஸ்ஸின் பெயர்ப் பலகையைப் பார்க்காமல் கொண்டக்டரிடம்தான் கேட்பார். இவற்றில் எதையாவது நீங்களும் கண்டிருப்பீர்கள். நானும் கண்டிருக்கிறேன், கண்டும் விளங்கிக்கொள்ளவில்லை.

இதில் இன்னொரு வியப்பு இருக்கிறது. அந்த ராத்தா குர்ஆனை அழகாக ஓதுவார். அகதி முகாமில் ஓதிக் கொடுத்த ஒரு மூதாட்டியிடம் பத்துப் பன்னிரண்டு வயதில் முழுக் குர்ஆனையும் முடித்தவர். வியாழன் இரவில் அவர் வீட்டிலிருந்து யாஸீன் ஓதும் சத்தம் தெருவுக்குக் கேட்கும். அலிஃபையும் பே யையும் பிரித்தறிந்து, கூட்டி வாசித்து, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தவும் தெரிந்த ஒருவரை எழுத்தறிவில்லாதவர் என்பதா? ஆனாலும் கடன் பத்திரம் அவரை ஏமாற்றிவிட்டது.

நம் மூத்தம்மாமார் காலத்தில் இந்தப் பிரச்சினை இவ்வளவு கூர்மையாக இருக்கவில்லை. அன்று அரபுத் தமிழ் இருந்தது. அரபு எழுத்தோடு சில புள்ளிகளையும் அடையாளங்களையும் கூட்டி, அரபியில் இல்லாத ப, ட, ழ போன்ற ஒலிகளுக்கும் வடிவம் கொடுத்துத் தமிழை எழுதிய முறை அது. காயல்பட்டினம், கீழக்கரை தொடங்கி இலங்கையின் முஸ்லிம் ஊர்கள் வரை பெண்கள் வீட்டுக்குள் இருந்தபடியே மார்க்கச் சட்டங்களையும் மாலைகளையும் அந்த எழுத்தில் படித்தார்கள். கீழக்கரையின் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் ஸாஹிப் அவர்கள் எழுதிய ‘பத்ஹுத் தையான்’ என்ற சட்ட நூல் அரபுத் தமிழில் எழுதப்பட்டதுதான். குர்ஆன் ஓதத் தெரிந்த பெண்ணுக்கு ஒரு நூலைப் படிக்கவும் கடிதம் எழுதவும் அதுவே போதுமாக இருந்தது. காலப்போக்கில் அரபுத் தமிழ் அச்சு அருகிப் போயிற்று. அதற்காக இப்போது நான் அழவில்லை. தமிழ் எழுத்தே இன்று வாழ்வுக்குத் தேவை. ஆனால் அந்தப் பாலத்தை நாம் கைவிட்டபோது, அதன் மேல் நின்றுகொண்டிருந்த பெண்களை மறுகரைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோமா? மௌலவிமாராகிய நாங்கள் தஜ்வீது வகுப்பு வைத்தோம், மக்ரஜைத் திருத்தினோம். ஓத வந்த பெண்ணிடம் ‘உங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியுமா?’ என்று ஒரு நாளாவது கேட்டோமா? நான் கேட்கவில்லை. 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் எழுதப்பட்டபோது மணமகளின் கையொப்பத்தை அது வேண்டவில்லை. வலீ கையொப்பமிட்டால் போதும். அந்தப் பெண்ணுக்கு எழுதத் தெரியுமா தெரியாதா என்று எவரும் அறிய வேண்டிய தேவையே வரவில்லை.

யாழ்ப்பாணத்தாருக்குப் படிப்பைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை என்று வெளியூரார் சொல்வார்கள். உண்மைதான். 1824இல் உடுவிலில் அமெரிக்க மிஷனரிமார் பெண்களுக்கு விடுதிப் பாடசாலை திறந்த ஊர் இது. 1848இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். கே.எம். செல்லப்பா என்பவர் 1933இல் தம் வீட்டில் ஒரு வாசிகசாலையை ஆரம்பித்து, ஊராரிடம் உதவி கேட்டார். மறு ஆண்டு ஓகஸ்ட் முதலாம் திகதி ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறையில் 844 நூல்களோடு அது பொது நூலகமாயிற்று. களியாட்ட விழா நடத்தியும் அதிர்ஷ்டச் சீட்டு விற்றும் பணம் சேர்த்து (அந்த வழிகளை மார்க்கம் ஏற்காது என்பது வேறு விஷயம், அவர்களுடைய முயற்சியைத்தான் சொல்கிறேன்) பெரிய கட்டடம் எழுப்பி 1959இல் திறந்தார்கள். அந்த நூலகத்தில் சுமார் 97,000 நூல்கள் சேர்ந்திருந்தன. 1981 மே மாத இறுதியில் ஓரிரவில் அவையெல்லாம் எரிக்கப்பட்டன. நான் அப்போது கைக்குழந்தை. அதைச் சொல்லும்போதெல்லாம் என் வாப்பாவின் குரல் தழுதழுக்கும். நூலகம் மீண்டும் எழுந்து நிற்கிறது, அல்ஹம்து லில்லாஹ்.

ஊருக்கு ஊர் சனசமூக நிலையங்களும் இருக்கின்றன. மேசையில் பத்திரிகைகள் விரித்துக் கிடக்கும். சுற்றிலும் ஆண்கள் இருந்து படிப்பார்கள். அங்கே போய் ஒரு பெண், அதுவும் எழுத்துக் கூட்டத் தெரியாத ஒரு பெண், என்ன செய்வார்? அறிந்தவர் மேலும் அறிவதற்கான ஏற்பாடுகள் எங்களிடம் நிறைய உண்டு. முதல் எழுத்தைத் தவறவிட்டவர் திரும்பி வருவதற்கு ஒரு வாசல்கூட இல்லை.

எங்கள் சமுதாயத்தின் கல்விப் பணியிலும் இதே குறைதான். வண்ணார்பண்ணையில் 1911இல் பிறந்த அறிஞர் ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்களை நினையாமல் யாழ்ப்பாண முஸ்லிம்களின் கல்வியைப் பேச முடியாது. குர்ஆன் மத்ரஸாவில் தொடங்கி, வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ். இந்துக் கல்லூரியிலும் படித்து, சிவில் சேவையில் சேர்ந்த முதல் இலங்கை முஸ்லிம் அவர். 1945இல் முஸ்லிம் கல்விச் சகாய நிதியை ஏற்படுத்தினார். பணமில்லாத காரணத்தால் கெட்டிக்காரப் பிள்ளைகள் படிப்பை விடக்கூடாது என்ற அவருடைய கவலையால் எத்தனையோ டாக்டர்களும் எஞ்சினியர்களும் உருவானார்கள். அவருக்கு அல்லாஹ் அருள் புரிவானாக. அவர் வழியில் இன்றும் ஊர்தோறும் புலமைப் பரிசில் கொடுக்கிறோம், ஒன்பது ‘ஏ’ எடுத்த பிள்ளைக்கு மாலை போடுகிறோம். போட வேண்டியதுதான். ஆனால் அந்தப் பிள்ளையின் தாய் மேடைக்கு வந்து வரவுப் புத்தகத்தில் கையொப்பமிடச் சொன்னபோது பின்வாங்கியதை நான் ஒரு விழாவில் கண்டேன். அவருக்கென்று நம்மிடம் எந்த நிதியும் இல்லை. மினாராவை உயர்த்த வசூல் செய்தால் ஒரே ஜும்ஆவில் சேர்ந்துவிடும் பணத்தில் எத்தனை தாய்மாருக்குக் கொப்பியும் பேனையும் வாங்கலாம் என்று நிர்வாக சபையில் ஒருமுறை கேட்டேன். ஒருவர் சிரித்தார், மற்றவர்கள் அடுத்த விடயத்துக்குப் போய்விட்டார்கள்.

பத்ருப் போர் முடிந்ததும் நபி (ஸல்) அவர்கள் என்ன செய்தார்கள் என்பதை எத்தனையோ பயான்களில் கேட்டிருக்கிறீர்கள். பணம் கொடுத்து விடுதலை பெற வழியில்லாத, ஆனால் எழுதத் தெரிந்த கைதிகள், மதீனத்துப் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று விட்டார்கள். வறுமை வாட்டிய காலம் அது. மீட்புத் தொகையாக வரக்கூடிய பொன்னும் வெள்ளியும் சமுதாயத்துக்கு மிகத் தேவைப்பட்டன. அதை விட்டுக்கொடுத்து எழுத்தை வாங்கினார்கள், அதுவும் பகைவரிடமிருந்து. ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) என்ற பெண்மணி அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுதக் கற்றுக்கொடுத்ததை அபூதாவூதின் ஹதீஸ் தொகுப்பில் காணலாம். 

நம் பக்கத்துக் கேரளத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். எர்ணாகுளம் மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான தொண்டர்கள் வீடு வீடாகப் போய்க் கற்பித்து, 1990 பெப்ரவரியில் அதை முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக்கினார்கள். அடுத்த ஆண்டு மாநிலம் முழுவதும் அப்பணி நிறைவுற்றது. 1991 ஏப்ரல் 18ஆம் திகதி கோழிக்கோட்டில் பெருங்கூட்டத்தின் முன் அதை அறிவித்தவர் யார் தெரியுமா? அமைச்சரல்ல. மலப்புறம் மாவட்டத்தைச் சேர்ந்த சேலக்கோடன் ஆயிஷா என்ற முஸ்லிம் மூதாட்டி, முதிய வயதில் அந்த வகுப்பில் எழுத்துப் படித்தவர். அதே காலத்தில் தமிழகத்தின் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்துப் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் ஓடப் பழகினார்கள். நாங்கள் ஊரிழந்து புத்தளத்தில் ஓலைக் கொட்டில் கட்டிக்கொண்டிருந்த காலத்தை ஒட்டித்தான் இவையெல்லாம் நடந்தன. அந்தக் கொட்டில்களுக்கு அரிசி வந்தது, பாய் வந்தது, அவற்றைத் தந்தவர்களுக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறோம். வெங்காயத் தோட்டத்திலிருந்து திரும்பும் சிறுமிக்கு மாலையில் ஒரு மணி நேரம் எழுத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று அந்நாளில் நம்மில் எவருக்கும் தோன்றவில்லை.

சரி, அந்த ராத்தாவின் விஷயத்துக்கு வருகிறேன்.

வகுப்பொன்று வைத்தால் வருவீர்களா என்று என் மனைவி மூலமாகக் கேட்டுப் பார்த்தேன். பள்ளிவாசலில் என்றால் வர மாட்டேன், ஆட்கள் பார்ப்பார்கள் என்றார். ஆகவே ஒரு வீட்டின் பின் விறாந்தையில், ளுஹருக்குப் பிறகு, பிள்ளைகள் ரியூஷனுக்குப் போயிருக்கும் நேரத்தில் தொடங்கினோம். வெளியே சொல்லும்போது அது தையல் வகுப்பு. உண்மையிலேயே ஒரு தையல் மெஷினும் அங்கே இருந்தது. முதல் நாள் வந்தவர்கள் மூவர். கற்பிப்பவர் உயர்தரம் முடித்துவிட்டு வீட்டில் இருந்த ஒரு பெண்பிள்ளை. நான் முறையை மட்டும் அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

எங்கள் வகுப்பு அரபு எழுத்திலிருந்து ஆரம்பமாயிற்று. தமிழில் 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய் என்று பலகையை நிரப்பினால் நடு வயதுப் பெண் மறு நாள் வர மாட்டார். ஆனால் குர்ஆன் ஓதத் தெரிந்தவருக்கு இதன் அடிப்படை ஏற்கெனவே தெரியும். பத்ஹா, கஸ்ரா, ளம்மா மூன்றும் ஓர் எழுத்தை ப, பி, பு என்று எப்படி மாற்றுகின்றனவோ, அதே வேலையைத் தமிழில் கொம்பும் விசிறியும் செய்கின்றன. அலிஃப் வந்து நீட்டுவதுபோலத் துணைக்கால் வந்து நீட்டுகிறது. ஸுகூன் எப்படியோ அப்படியே புள்ளி. இதைச் சொன்ன அன்று அந்த ராத்தா, "அப்ப இது நாங்க ஓதுறதுதானே!" என்றாராம். சிக்கலும் இல்லாமல் இல்லை. ஒருவர் பல நாள் வரை வலப்பக்கத்திலிருந்தே எழுதிக்கொண்டிருந்தார். ர, ற, ல, ள, ழ எல்லோரையும் படாத பாடு படுத்தின. என் கையெழுத்திலும் அவை இன்னும் இடறுவதுண்டு.

குழந்தைகளின் பாடநூலை வாங்கிப் போய் ஒரு தவறு செய்தோம். பந்தும் பட்டமும் படம் போட்ட அந்தப் புத்தகத்தைப் பார்த்ததும் ஒரு பெண்ணின் முகம் வாடிவிட்டது. பிறகு மின்பட்டியல், கிளினிக் கொப்பி, கடைச் சாமான் துண்டு, கடன் அட்டை இவற்றையே பாடமாக்கினோம். கடனைப் பற்றி ஒரு வார்த்தை: 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பட்ட ஓர் இலட்சம் ரூபாய்க்குக் குறைந்த நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கமே அறிவிக்க நேர்ந்தது என்றால், கிராமத்துப் பெண்களிடையே அது எவ்வளவு தூரம் பரவியிருந்தது என்று பாருங்கள். தாங்கள் கையொப்பமிட்ட தாளைப் படித்துப் பார்த்தவர்கள் அவர்களில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

எல்லோரும் நிலைக்கவில்லை. ஏழு பேர் வரை சேர்ந்து நாலு பேராகக் குறைந்தோம். ஒருவருடைய மருமகள் கொப்பியைக் கண்டுபிடித்துச் சிரித்துவிட்டாள், அதோடு அவர் நின்றுவிட்டார். மனைவி போய்க் கூப்பிட்டும் வரவில்லை. இன்னொருவரின் கணவர், இந்த வயதில் எழுதி என்ன உத்தியோகமா பார்க்கப் போகிறாய் என்று கொப்பியை அடுப்படியில் போட்டாராம். அவரிடம் நானே போய்ப் பேசினேன், பலன் கொஞ்சம்தான். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் அனுப்புகிறார்.

கல்வித் திணைக்களத்தில் முறைசாராக் கல்விப் பிரிவு என்று ஒன்று உண்டு. வளர்ந்தோருக்கு எழுத்தறிவு வகுப்பு நடத்துவது அதன் பணிகளில் ஒன்று. வலயக் கல்வி அலுவலகத்தில் விசாரிக்கலாம். ஆனால் வெட்கப்பட்டு மதிலோரம் நிற்கும் பெண்ணை அலுவலகம் தேடி வராது. அவரை உங்களுக்குத்தான் தெரியும், சகோதரிகளே. உங்கள் பக்கத்து வீட்டில், உங்கள் மச்சாள்மாரில், சில வேளை உங்கள் உம்மாவே அவராக இருக்கலாம். ‘கண்ணாடியை மறந்துவிட்டேன்’ என்பவரிடம் தாளைப் படித்துச் சொன்ன கையோடு, வேறு எவரும் இல்லாத நேரமாகப் பார்த்து, மெதுவாகக் கேளுங்கள்.

சென்ற றபீஉல் அவ்வலுக்கு முன் அந்த ராத்தா தம்முடைய காணி உறுதியை வகுப்புக்குக் கொண்டு வந்திருந்தார். வெளியேற்றத்தின்போது அவருடைய உம்மா உடுப்புப் பைக்குள் வைத்துக் கொண்டுபோன உறுதி. எங்கள் காணிகள் பல இருபது வருடங்களுக்கு மேல் வேறு ஆட்களின் கையில் இருந்தன. யுத்தத்தால் வழக்கிட முடியாமல் போனவர்களின் ஆட்சியுரிமையைக் காக்க 2016இல் ஒரு விசேட சட்டம் வந்து, வழக்குத் தொடர இரண்டு ஆண்டு அவகாசம் தந்தது. அந்த அறிவித்தல் பத்திரிகைகளில் வந்தபோது அவருக்குப் படித்துச் சொல்ல ஆள் இல்லை. அவகாசம் முடிந்து வெகு காலத்துக்குப் பின்னர்தான் கேள்விப்பட்டார். இவருடைய காணி நல்லவேளையாக எவரும் பிடிக்காமல் பாழாய்க் கிடந்ததால் தப்பியது.

அன்று உறுதியை மடியில் விரித்து, விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தாராம். "இ-ரண்-டு ப-ரப்-பு ஆ-று கு-ழி." பிறகு எல்லைகள். கிழக்கே ஒழுங்கை, வடக்கே இன்னாருடைய காணி. நீண்ட சட்டத் தமிழில் பல சொற்கள் இடறின, அவற்றை விட்டுவிட்டுப் போனார். நடுவில் ஓரிடத்தில் விரல் நின்றுவிட்டது. கற்பிக்கும் பிள்ளை, கடினமான சொல்லாக்கும் என்று நினைத்து எட்டிப் பார்த்திருக்கிறாள்.

"இஞ்ச என்ட உம்மாட பேர் கிடக்கு" என்றாராம் ராத்தா. மௌத்தாகிப் பதினொரு வருடமான உம்மா. அவருடைய பெயரை எழுத்தில் அன்றுதான் முதல் முறையாகப் பார்க்கிறார். மற்றப் பெண்கள் தையலை நிறுத்திவிட்டுச் சுற்றி வந்து நின்றார்களாம். ராத்தா கொப்பியில் ஒரு புதுப் பக்கத்தைத் திருப்பி, உறுதியைப் பார்த்துப் பார்த்து அந்தப் பெயரை எழுதத் தொடங்கினார், இடப்பக்கத்திலிருந்து.